மற்றும் குழுவினர்

அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருடம் மலாய்க் கடிதம் எழுதிவிட்டு ஓய்வு பெற்றவள் நான். ஓய்வு என்று பெயர்தான். மலாக்காவை ஒட்டிய தஞ்சோங் கிளிங்கில் எங்கள் தாமான் குடியிருப்பில் யாருக்கு எந்த விண்ணப்பப் பாரம் வந்தாலும் என் வீட்டுக் கேட்டைத்தான் தட்டுவார்கள். பிள்ளையின் உபகாரச் சம்பளம், வீட்டு வரி, திருமணப் பதிவு, எதுவானாலும் சரி. என் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும், கை எழுதிக்கொண்டே இருக்கும். அந்த முணுமுணுப்பில் பாதி நடிப்பு. ஒரு கடிதத்தை எப்படித் தொடங்கினால் அதிகாரி அதைக் கடைசிவரை படிப்பார் என்று எனக்குத் தெரியும் என்ற கர்வம் எனக்கு நிறையவே உண்டு. ஊரில் சிலோன்காரர் என்று சொல்வார்களே, அந்த யாழ்ப்பாணத்துக் குடும்பம் எங்களுடையது. படித்தவர்கள் என்ற நினைப்பு எங்கள் வீடுகளில் சுவரோடு சேர்த்துப் பூசியிருக்கும். அந்த நினைப்பை வைத்துக்கொண்டு நான் ஒரு பெண்ணுக்கு என்ன செய்தேன் என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

அவள் மூன்றாவது லோரோங் சந்தில் குடியிருப்பவள். வயது நாற்பத்தைந்து இருக்கும். மலாக்கா நகரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. விடியும் முன்பே தொழிற்சாலை பஸ் எங்கள் சாலை முனையில் வந்து நிற்கும், அவள் ஏறிப் போவாள். அதற்கு மேல் அவளைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. ஒரு பொங்கலுக்குக் கோயில் மண்டபத்தில் அவள் நாடகம் போட்டபோதுதான் திரும்பிப் பார்த்தேன்.

பிடிக்காவிட்டால் நழுவிவிடலாம் என்று பின்வரிசையில் கதவோரமாகத்தான் உட்கார்ந்திருந்தேன். மேடையில் ஆறு பிளாஸ்டிக் நாற்காலிகள், இரண்டிரண்டாக. முன்னால் ஒரு முக்காலி, அதில் தொப்பி போட்டுக்கொண்டு டிரைவராக ஒரு பெண். சீருடை போட்ட ஐந்து பெண்கள் ஏறி உட்கார்ந்தார்கள், அவளும் அதில் ஒருத்தி. கிளேபாங் சந்திப்பில் ஏற வேண்டிய ஆறாவது பெண்ணைக் காணோம். பஸ் அவளுக்காக நிற்கிறது. நிற்கும் நேரத்தில் ஐவரும் பேசுகிறார்கள். மாமியார், மாதக் கூட்டுச் சீட்டு, சூப்பர்வைசர் தலைக்குப் பூசும் சாயம், மகன் தொடாமல் வைத்துவிட்டுப் போன நாசி லெமாக் சோறு. வராத பெண்ணின் வாயாடித்தனம் வேறு. மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. கடைசியில் டிரைவர் திரும்பி, கிளம்பவா என்று கேட்கிறார். ஒருத்தியும் பதில் சொல்வதில்லை. பஸ் நின்றுகொண்டே இருக்கிறது. விளக்கு அணைகிறது. அதற்கு மேல் என்னால் அங்கே உட்கார முடியவில்லை. ஏன் என்று தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர்களிடம் ஒரே புழுக்கம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவள் என் கேட்டைத் தட்டினாள். கலை, பண்பாட்டுத் திட்டங்களுக்கு நிதி உதவி தருகிறார்கள் என்று யாரோ ஃபேஸ்புக்கில் போட்டிருந்ததைப் பார்த்திருக்கிறாள். நாடகத்தை நான்கு இடங்களுக்குக் கொண்டுபோக வேண்டும், லாரிக்கும் விளக்குக்கும் மைக்குக்கும் பணம் வேண்டும், பாரம் முழுக்க மலாயில் இருக்கிறது, தலை சுற்றுகிறது என்றாள். எந்த நான்கு இடங்கள் என்று கேட்டேன். மூன்று பள்ளி மண்டபங்களைச் சொன்னாள். நான்காவதாக, மஸ்ஜித் தானா ஊரைத் தாண்டி உள்ளே போனால் வரும், எண்ணெய் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தைச் சொன்னாள். அங்கே எத்தனை குடும்பம் இருக்கும் என்றேன். முப்பதுகூட இருக்காது என்றாள். முப்பது குடும்பத்துக்காக லாரியா, அதிகாரி சிரிப்பார், அதை எடுத்துவிடு என்றேன்.

“மத்த மூணு எடத்தையும் எப்படி வேணாலும் மாத்திக்குங்கக்கா. அந்தத் தோட்டம் மட்டும் இருக்கணும். அங்க ஒருத்தி இருக்கா. அவ பாக்கணும்.”

மெதுவாகத்தான் வெளியே வந்தது. பதினோரு வருடம் பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்த தோழி. கிளேபாங்கில் ஏறுபவள். நான்கு வருடத்துக்கு முன்பு ஒரு நாள் பஸ்ஸைத் தவறவிட்டாள். அந்த மாதத்தில் அது மூன்றாவது தாமதம், வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். வாடகை கட்ட முடியாமல் கணவன் வேலை செய்யும் தோட்டத்துக்கே குடிபோய்விட்டாள். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சு இல்லை. நாடகத்தில் காலியாக இருக்கும் நாற்காலி அவளுடையதுதான். ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்தால் தீராதா என்று கேட்டேன். “சும்மா போயி எப்படிக்கா அவ முன்னாடி நிக்கிறது” என்றாள். அந்தப் பதிலில் நான் கவனிக்காமல் விட்டது நிறைய இருந்தது. எனக்கு அப்போது பாரத்தின் மேல்தான் கண்.

நாடகப் பிரதியை இணைக்க வேண்டும் என்று பாரம் கேட்டது. பிரதி எங்கே என்றேன். கைபேசியை நீட்டினாள். எழுத்தில் ஒரு வரிகூட இல்லை. தமிழ் வாசிப்பாள், எழுத நேரம் பிடிக்கும். அதனால் பஸ்ஸில் போகும்போது ஒவ்வொருத்திக்கும் அவரவர் வசனத்தைக் குரல் பதிவாக வாட்சப்பில் அனுப்பிவிடுவாளாம். அவர்கள் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்துகொள்வார்களாம். முழு நாடகமும் நூற்றுக்கு மேற்பட்ட குரல் பதிவுகளாகக் கிடந்தது.

இரண்டு வாரம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பஸ்ஸின் இரைச்சல், யாரோ தும்முவது, கண்டக்டர் இல்லாத பஸ்ஸில் யாரோ கண்டக்டர் மாதிரி கத்துவது, நடுவில் அவள் குரல் ஐந்து பெண்களாக மாறி மாறிப் பேசும். மாமியார் பேச்சு வரும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வாள், பக்கத்தில் உண்மையான மாமியார்களும் உட்கார்ந்திருந்திருக்கலாம். நான் சிரித்துச் சிரித்து இரண்டு தடவை எழுத வேண்டியதாகிவிட்டது. இப்படிப் பேச்சை எழுத எனக்கு வராது. அதை அன்றே தெரிந்துகொண்டேன், அவளிடம் சொல்லவில்லை. கடைசிக் காட்சிக்குக் குரல் பதிவே இல்லை. டிரைவரின் கேள்வி மட்டும் இருந்தது. பிரதியில் ‘அமைதி’ என்று ஒரு சொல்லைப் போட்டு முடித்தேன்.

அடுத்து திட்டச் சுருக்கம். அதுதான் என் ஆடுகளம். பாரம்பரியம், பெண்களின் மாண்பு, சமூக நல்லிணக்கம், அடுத்த தலைமுறை, ஒன்றுவிடாமல் மலாயில் இறக்கினேன். வாசித்துத் தமிழில் சொல்லவும் செய்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “எல்லாம் நல்லா இருக்குக்கா. இதுல பஸ்ஸு எங்க?” என்றாள். எனக்கு அசடு வழிந்தது. ஒரு மூலையில் பஸ்ஸையும் சேர்த்தேன்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். பாரத்தின் முதல் பக்கத்தில் திட்டத் தலைவரின் பெயர், தொழில், கல்வித் தகுதி என்று மூன்று கட்டங்கள். எங்கள் ஊரில் எந்த நிகழ்ச்சிக்கும் நோட்டீஸ் அடிப்பார்கள், பார்த்திருப்பீர்கள். மேலே தலைமை, அதன் கீழே முன்னிலை, அப்புறம் வரவேற்புரை, சிறப்புரை, பொன்னாடை போர்த்துபவர். வேலை செய்தவர்கள் அடியில் ‘மற்றும் குழுவினர்’ என்ற இரண்டு சொல்லுக்குள் மூச்சுமுட்டிக் கிடப்பார்கள். அது யாரையும் ஏமாற்றுவதற்காக அல்ல, அப்படித்தான் மரியாதை என்று எல்லோருக்கும் பழக்கம். பொங்கல் நோட்டீஸிலும் கோயில் தலைவர் பெயர்தான் மேலே இருந்தது. அவள் பெயர் இல்லவே இல்லை. அவளும் கேட்கவில்லை.

அதனால் பாரத்தைப் பார்த்ததும் அவளே முந்திக்கொண்டு, கோயில் தலைவர் ஐயா பெயரைப் போட்டுவிடுங்கள் என்றாள். தன் பெயரைப் பார்த்தால் யார் கொடுப்பார்கள் என்றாள். நான் ஒரு சொல் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. கல்வித் தகுதி என்ற கட்டம் என் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது. தலைவர் மருத்துவமனையில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், சான்றிதழ்கள் உள்ளவர், கோயில் முத்திரையும் அவரிடம் இருக்கிறது. அவள் படித்தது ஒன்பதாம் வகுப்பு வரைதான்; நான் தீட்டிய அழகான மலாய்க்கு மேலே ‘படிவம் மூன்று’ என்று அதை எழுத எனக்கு மனம் வரவில்லை. தலைவர் வீட்டுக்குப் போய்க் கேட்டோம். அவர் யாரையும் இல்லை என்று சொல்லி அனுப்பாத மனிதர். “என் பேருதானே, போட்டுக்குங்க, அதுல என்ன இருக்கு” என்று சிரித்துக்கொண்டே முத்திரையைக் குத்தினார்.

மூன்று மாதத்தில் கடிதம் வந்தது. முதல் வடிகட்டலில் தேறிவிட்டோம். திட்டத் தலைவர் நேரில் வந்து மூவர் குழுவுக்கு விளக்க வேண்டும், கேள்விகளுக்கும் அவரேதான் பதில் சொல்ல வேண்டும் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. தலைவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பொங்கல் அன்று அவர் அன்னதான வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார், நாடகத்தைப் பார்க்கவே இல்லை என்ற உண்மை அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

ஒரு வாரம் கோயில் மண்டபத்தில் அவருக்குப் பாடம் நடத்தினோம். பாவம், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை மாதிரி சின்ன அட்டைகளில் எழுதிக்கொண்டார். எந்த நாற்காலியில் யார், எந்தப் பெண்ணுக்கு எத்தனை பிள்ளை என்று நடந்துகொண்டே ஒப்பித்தார். அவருடைய மனைவி சொன்னார், தூக்கத்திலும் பஸ் ஓட்டுகிறார் என்று. நான் ஐம்பது கேள்விகள் தயாரித்துக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். எனக்கும் திருப்திதான். என்ன கூத்து நடத்திக்கொண்டிருந்தோம் என்று மூன்று பேரில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

நேர்காணல் அன்று அவள் லீவு எடுத்துக்கொண்டு எங்களோடு வந்தாள். நல்ல புடவை கட்டியிருந்தாள். நகரத்தில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடி, குளிரில் பல் கிட்டியது. நீளமான மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்த மலாய்க்கார அம்மாளுக்கு என் வயதுதான் இருக்கும். எங்கள் பிரதிக்கு நான் செய்து இணைத்திருந்த மலாய் மொழிபெயர்ப்பில் ஓரமெல்லாம் பென்சிலால் குறித்து வைத்திருந்தார். நானும் அவளும் சுவரோரமாக உட்கார்ந்தோம். தலைவர் ஐந்து நிமிடம் பிசிறில்லாமல் பேசினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகு அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். எத்தனையோ விண்ணப்பங்கள் படித்தேன், இந்தப் பேச்சு என்னைச் சிரிக்க வைத்தது, ஆனால் கடைசிக் காட்சி புரியவில்லை. நிஜத்தில் எந்தத் தொழிற்சாலை பஸ் ஒரு ஆளுக்காக இப்படிக் காத்துக்கிடக்கும்? ஏன் அந்த பஸ் கிளம்பவில்லை?

என் ஐம்பது கேள்விகளில் அது இல்லை. தலைவர் அட்டைகளைப் புரட்டினார். மறுபடி முதலிலிருந்து புரட்டினார். அவருடைய கழுத்து வியர்த்தது அந்தக் குளிரிலும் தெரிந்தது. பிறகு அட்டைகளை அடுக்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தெரியாது என்று மலாயில் சொன்னார். நான் பெயர் மட்டும்தான் கொடுத்தேன், இதைச் செய்தவர் அதோ உட்கார்ந்திருக்கிறார் என்றார். அவ்வளவு பெரிய மனிதர் அதைச் சொல்லும்போது குரல் நடுங்கவில்லை. அவர்மேல் எனக்கு அன்று வந்த மதிப்பு இன்னும் குறையவில்லை.

அவள் எழுந்து நின்றாள். தொழிற்சாலையில் பேசிப் பழகிய மலாயில், நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். நிஜத்தில் பஸ் கிளம்பிவிட்டது. கிளேபாங்கில் என் தோழிக்காக ஐந்து நிமிடம் நின்றோம். தாமதமானால் எல்லோருக்கும் அந்த மாத வருகைப்படிப் பணம் போய்விடும். டிரைவர் என்னைப் பார்த்துக் கேட்டார், நான்தானே அவளுக்குப் பக்கத்தில் உட்காருகிறவள். அவள் வரமாட்டாள், போங்கள் என்று நான் சொன்னேன். பஸ் திரும்பியபோது கண்ணாடியில் அவள் ஓடிவருவது தெரிந்தது. நான் நிறுத்தச் சொல்லவில்லை.

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பொங்கல் அன்று என்னை மண்டபத்தைவிட்டு வெளியே துரத்தியது எது என்று அந்த இடத்தில்தான் புரிந்தது. நூறு குரல் பதிவுகளை எழுதி முடித்தவள் நான். அவள் குரலில் என்ன இருந்தது என்று எனக்குக் கேட்கவே இல்லை.

அந்த அம்மாள் அன்பாகத்தான் பேசினார். நாடகம் பிடித்திருக்கிறது, ஆனால் பெயர் ஒருவருடையது, வேலை இன்னொருவருடையது என்றால் நாங்கள் யாரை நம்பிக் கொடுப்பது, நடுவில் பெயரை மாற்ற விதி இல்லை, அடுத்த சுற்றில் உரியவர் பெயரில் விண்ணப்பியுங்கள் என்றார். அந்த ஆண்டுக்கு அவ்வளவுதான். தோட்டம், லாரி, விளக்கு எல்லாம் போய்விட்டது. அதைக் கெடுத்தது அதிகாரி இல்லை, விதியும் இல்லை, நான்தான்.

திரும்பும் வழியில் தலைவர் கிளேபாங்கில் சாலையோரக் கடையில் காரை நிறுத்தினார். ஆளுக்கொரு இளநீர் வந்தது. தலைவர் தன்னால்தான் எல்லாம் போயிற்று என்று மறுபடி மறுபடி மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச தூரத்தில் அந்தச் சந்திப்பு தெரிந்தது. அவள் அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். என்னால் அடக்க முடியவில்லை. வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

“ஐயாவில பிழை இல்லை. படிப்பு என்னெண்டு ஒரு கட்டம் இருந்தது, பிள்ளை. உன்ர படிப்ப அதில எழுத எனக்கு வெக்கமா இருந்தது. அதான் உன்ர பேரைப் போடேல்ல.”

அவள் உறிஞ்சுகுழலைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். “எனக்கும்தான்க்கா வெக்கம்” என்றாள். பிறகு, “அது மட்டும் இல்ல. என் பேரு வந்தா அவளுக்குத் தெரிஞ்சிடும்லா. தெரியணும்னுதான் நாடகமே போட்டேன். தெரிஞ்சிடுமோன்னு பயமாவும் இருந்துச்சு. ஐயா பேரு இருந்தா அவரு பின்னாடி நின்னுக்கலாம் பாருங்க” என்றாள். அதைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மரியாதை என்று நாங்கள் மேலே போடும் பெயருக்குப் பின்னால் எத்தனை பேர் எதற்காகவெல்லாம் நின்றுகொண்டிருக்கிறார்களோ.

அடுத்த சுற்று வர ஆறு மாதம் பிடித்தது. இந்த முறை பாரத்தை அவள் நிரப்பினாள், நான் பிழை மட்டும் பார்த்தேன். கல்வித் தகுதியில் ‘படிவம் மூன்று’ என்று பேனா அழுத்தி எழுதினாள், அடுத்த பக்கம் வரை பதிந்தது. தொழில் என்ற இடத்தில் தொழிற்சாலை ஊழியர் என்று எழுதிவிட்டு, நாடக ஆசிரியர் என்றும் போடலாமா என்று என்னைக் கேட்டாள். முதலில் அதைப் போடு என்றேன். திட்டச் சுருக்கத்தில் பாரம்பரியமும் நல்லிணக்கமும் காணாமல் போயின. ஒரு பெண் பஸ்ஸைத் தவறவிட்டாள், அதற்குக் காரணமான பெண் இந்த நாடகத்தை எழுதினாள் என்று இரண்டே வாக்கியம். கடைசிக் காட்சிக்கு முதல் முறையாகக் குரல் பதிவு வந்தது. வெறும் நான்கு சொல். நான் அதைப் பிரதியில் எழுதினேன், அமைதி என்ற சொல்லை அடித்தேன்.

கிடைத்தது. கேட்டதில் பாதிதான், அதனால் நான்கு இடம் இரண்டு இடமாயிற்று. ஒரு பள்ளி, அப்புறம் அந்தத் தோட்டம். நோட்டீஸைத் தலைவரே எழுதிக்கொண்டு வந்தார். தலைமை இல்லை, முன்னிலை இல்லை, பொன்னாடை இல்லை. மேலே நாடகத்தின் பெயர், அதன் கீழே எழுதி இயக்குபவர் என்று அவள் பெயர், முழுப்பெயர், தகப்பன் பெயரோடு. தலைவர் பெயர் எங்கே என்று தேடினேன். மற்றும் குழுவினர் என்ற வரியைக் காட்டி, அதற்குள்தான் இருக்கிறேன் என்றார். கோயில் செயற்குழுவில் இரண்டு பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை. ஒரு வாரம் முன்பே தோட்டத்து மளிகைக் கடையில் நோட்டீஸை ஒட்டிவிட்டும் வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை இரவு ஏழரை மணிக்குத் தோட்ட மண்டபத்தில் ஆட்டம். மண்டபம் என்றால் தகரக் கூரை, மூன்று பக்கம் அரைச்சுவர். நாற்காலிகளைத் தலைவர்தான் லாரியிலிருந்து இறக்கினார். பிள்ளைகள் முன்னால் தரையில் உட்கார்ந்தார்கள், ஆண்கள் அரைச்சுவரில் ஏறிக்கொண்டார்கள். அவள் மேடையில் நாற்காலிகளை நேராக வைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் தூண் ஓரத்தில் கைலியும் டீசட்டையுமாக ஒரு பெண் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். யாரென்று நான் கேட்கவில்லை.

நாடகம் நன்றாகப் போனது. சூப்பர்வைசரின் தலைச்சாயத்துக்கு அந்தத் தோட்டமே சிரித்தது. தூண் ஓரத்தில் நின்றவள் சிரித்தாளா என்று நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன், தெரியவில்லை. கடைசியில் டிரைவர் திரும்பி, கிளம்பவா என்று கேட்டார். அவள் எழுந்தாள். அப்படி எழுவது ஒத்திகையில் கிடையாது. காலி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, கூட்டத்துக்கு மேலாக நேரே தூணைப் பார்த்து, “போங்கண்ணே, அவ வர மாட்டா” என்றாள். பஸ் கிளம்பியது. ஐந்து பெண்களும் குலுங்கிக்கொண்டே போனார்கள். விளக்கு அணைந்த பிறகு பிள்ளைகள்தான் முதலில் கைதட்டினார்கள்.

லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தோம். நான் மைக் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டு நின்றேன், அவள் பக்கத்தில். அந்தப் பெண் நேராக எங்களிடம் வந்தாள். நோட்டீஸில் பெயரைப் பார்த்துத்தான் வந்ததாகச் சொன்னாள். கடையில் இரண்டு தடவை நின்று வாசித்தாளாம், வேறு யாராவது அதே பெயரில் இருப்பார்களோ என்று. நான் ஒன்றும் அவ்வளவு வாயாடி இல்லை, ரொம்பக் கூட்டிப் போட்டிருக்கிறாய் என்றாள். இவள் சிரிக்கவில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தாள், அழுகை முந்திக்கொண்டது. பஸ், கண்ணாடி, ஓடி வந்தது என்று துண்டு துண்டாக என்னவோ சொன்னாள். அந்தப் பெண் கையைக் கட்டிக்கொண்டு பொறுமையாகக் கேட்டாள்.

“நீ போகச் சொன்னது எனக்கு அன்னிக்கே தெரியும். சாயந்தரமே டிரைவர் அண்ணன் வந்து சொல்லிட்டாரு. அதுக்கு நான் கோவிக்கல. எம் மேலயும்தான் தப்பு, அன்னிக்கு நான் தூங்கிட்டேன். அதுக்கப்புறம் அஞ்சு வருஷமா நீ ஒரு போன் அடிக்கல பாரு. அதுதான் எனக்கு.”

ஒயர் என் கையில் அப்படியே நின்றது. ஒன்றரை வருடம் பாரம் நிரப்பியிருக்கிறோம். மூன்றாவது மாடிக்கு ஏறியிறங்கி, லாரி பிடித்து, விளக்கு வாங்கி, இத்தனை தூரம் வந்திருக்கிறோம். அந்தத் தோழி எதிர்பார்த்தது ஒரு போன், அவ்வளவுதான். எனக்கு அந்த இடத்தில் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இடுப்பில் செருகியிருந்த கைபேசியை எடுத்தாள். நம்பர் சொல்லு என்றாள்.

“பழைய நம்பர்தான். நான் மாத்தவே இல்லையே.”